‘போகப் போகப் பழகிவிடும்’ என்பது உண்மையா?

தீவில் நெடுநாள் வாழ்ந்தவர் பெருநகரத்துக்கு வரும்போது உடலிலும் மூளையிலும் நடப்பது என்ன?

இரவு மணி பதினொன்றரை. என் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவள் என் பழைய மாணவி. சபா மாநிலத்தின் வடகோடியில் உள்ள பாங்கி தீவைச் சேர்ந்தவள். தாதியர் பயிற்சிக்காக அவள் கோலாலம்பூருக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

“சிக்கு, தூக்கமே வரவில்லை. தலை வலிக்கிறது. வகுப்பில் சொல்வது எதுவும் மண்டையில் ஏறவில்லை. நான் மக்காகிவிட்டேனா? ஊருக்கே திரும்பிவிடட்டுமா?” என்று மலாயில் கேட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் லாரிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுடைய விடுதி அறை எட்டாவது மாடியில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருந்தது.

அவள் குடும்பத்தில் படிவம் ஐந்தைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அவளுடைய விமான டிக்கெட்டுக்காக அப்பா மீன் விற்ற காசைப் பல மாதமாகச் சேர்த்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும்.

“போகப் போகப் பழகிவிடும்” என்று சொல்லிவிட்டு நான் தூங்கப் போயிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால், எது பழகும், எத்தனை நாளில் பழகும், எது கடைசிவரை பழகவே பழகாது என்பதைச் சொல்லாவிட்டால் அது பாதி விடைதான். பாதி விடைக்குப் பாதி மதிப்பெண்தானே கொடுப்போம்?

மாணவர்களே, இந்த வாரம் முழு விடையைத் தேடுவோம். நீங்கள் தீவில் வாழ்ந்திருக்காவிட்டாலும் இது உங்களுக்குப் பயன்படும். நாளை நீங்கள் ஊர் விட்டு விடுதிக்குப் போகலாம். அல்லது எங்கிருந்தோ வந்த ஒரு புது மாணவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டு தீவுகள், ஒரு கணக்கு

பாங்கி தீவின் பரப்பளவு சுமார் 440 சதுர கிலோமீட்டர். அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 20,000 பேர். குடாட் பட்டணத்திலிருந்து படகில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடலில் போய்த்தான் காராகிட் துறையை அடைய முடியும். இப்போது சிங்கப்பூரைப் பாருங்கள். அதுவும் தீவுதான்! பரப்பளவு சுமார் 735 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 6 மில்லியன். வகுத்துப் பார்த்தால் பாங்கியில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 45 பேர். சிங்கப்பூரில் 8,000 பேருக்கு மேல். ஆக, சுற்றிலும் கடல் இருக்கிறதா என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு நாளில் எத்தனை முகம், எத்தனை ஒலி, எத்தனை விளக்கு நம் மூளையைத் தட்டுகின்றன என்பதுதான் முக்கியம்.

அந்தத் தீவில் நான் ஐந்து ஆண்டுகள் பாடம் நடத்தினேன். நான் பிறந்து வளர்ந்தது செந்தூலில். ரயில் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அதனால் மாற்றல் கிடைத்துக் கோலாலம்பூருக்குத் திரும்பியபோது, எனக்கு ஒரு சிரமமும் இருக்காது என்று நினைத்தேன்.

முதல் இரவே தூக்கம் போயிற்று. ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் மின்தூக்கியில் ஏறியவர்கள் எல்லாருக்கும் தீவுப் பழக்கத்தில் வணக்கம் சொன்னேன். எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எந்தப் பக்கம் போவது என்று ஒரு நொடி நின்றேன். பின்னால் வந்தவர் என் முதுகில் மோதினார். மூன்றாம் நாள் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. “இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைதானே நீ! போகப் போகப் பழகிடும்” என்றார் அம்மா.

அம்மா சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம்.

கடல் முயல் கற்றுத்தந்த பாடம்

‘பழகுவது’ எப்படி நடக்கிறது என்பதை அறிவியலுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கடல்வாழ் உயிர். கடல் முயல் என்று பெயர். ஓடு வெளியே தெரியாத, கொழகொழவென்ற ஒரு பெரிய நத்தை வகை. மனித மூளையில் பல ஆயிரம் கோடி நரம்பணுக்கள் உள்ளன. கடல் முயலுக்கோ சுமார் 20,000 மட்டுமே. அவற்றில் சில கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. அதனால்தான் எரிக் கேண்டல் என்ற அறிவியலாளர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

கடல் முயலின் நீர்க்குழாயை மெல்லத் தொட்டால் அது தன் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மீண்டும் தொட்டால் மீண்டும் இழுக்கும். பத்து முறை தொடுவதற்குள் இழுப்பது குறைந்துவிடும். ‘இந்தத் தொடுதலால் ஆபத்தில்லை’ என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. இதற்குப் ‘பழக்கமாதல்’ என்று பெயர்.

கேண்டல் குழுவினர் அந்த நரம்பணுக்களுக்குள்ளேயே பார்த்தார்கள். தொடுதலை உணரும் நரம்பணு, செவுளை இழுக்கும் நரம்பணுவுக்கு வேதிப்பொருள் மூலம் செய்தி அனுப்புகிறது. திரும்பத் திரும்பத் தொடும்போது அந்த வேதிப்பொருள் குறைவாகவே வெளியாகிறது. தோல் உணர்வதை நிறுத்தவில்லை. செய்தியின் வலிமைதான் குறைகிறது. ஒரே நாளில் பழகியது சீக்கிரம் மறந்துபோகிறது. சில நாள்களில் பிரித்துப் பிரித்துப் பழக்கினால் மூன்று வாரம்வரை நிற்கிறது. தேர்வுக்கு முதல் நாள் மட்டும் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்!

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். கடல் முயலின் வாலில் ஒரு முறை மின்னதிர்ச்சி கொடுத்தால் போதும். அதன் பிறகு மெல்லத் தொட்டாலும் அது முன்பைவிடப் பலமாகச் செவுளை இழுக்கிறது. ஒரு பெரிய பயம், எல்லாச் சின்னத் தொடுதலையும் பெரிதாக்கிவிடுகிறது. நினைவு எப்படி உருவாகிறது என்பதை விளக்கிய இந்த ஆய்வுகளுக்காகக் கேண்டலுக்கு 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இப்போது என் மாணவியிடம் திரும்புவோம். பாங்கியில் படகு இயந்திரத்தின் ஓசை கேட்டால் அதற்குப் பொருள் உண்டு. யாரோ கரைக்கு வருகிறார்கள். நாய் குரைத்தால் யாரோ வாசலில் நிற்கிறார்கள். அங்கு ஒவ்வோர் ஒலியும் ஒரு செய்தி. அந்த மூளை கோலாலம்பூருக்கு வந்தவுடன் ஒவ்வொரு லாரியையும் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டது. இரவு முழுவதும் ‘யாரோ வருகிறார்கள், யாரோ வருகிறார்கள்’ என்று அவளை எழுப்பியது. அது கெட்டுப்போன மூளை இல்லை. தீவில் நன்றாக வேலை செய்த மூளை அது.

விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வந்த இரண்டாம் நாள் சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் அவளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அடி படவில்லை. ஆனால் கடல் முயலுக்கு வாலில் விழுந்த அதிர்ச்சிபோல் அது வேலை செய்திருக்கிறது. அன்றிலிருந்துதான் எல்லாச் சத்தமும் அவளுக்குப் பெரிதாகக் கேட்கத் தொடங்கியது.

டெசிபல் காட்டும் உண்மை

கிராமத்து அமைதியான இரவில் ஒலியின் அளவு சுமார் 30 டெசிபல் இருக்கும். இருவர் சாதாரணமாகப் பேசினால் 60. பரபரப்பான சாலையோரம் 70க்கும் மேல். 30க்கும் 70க்கும் வித்தியாசம் இரண்டு மடங்குதானே என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு ஆகிறது. 40 கூடினால் 10 × 10 × 10 × 10. அதாவது 10,000 மடங்கு!

ஆனால் நம் காதுக்கு அது 10,000 மடங்காகக் கேட்பதில்லை. 10 டெசிபல் கூடும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் உணர்கிறோம். நம் புலன்கள் இப்படிச் சுருக்கிக் காட்டுவதால்தான் இலை அசைவையும் இடி முழக்கத்தையும் ஒரே காதால் கேட்க முடிகிறது. அதே காரணத்தால்தான் நகரத்து இரைச்சல் எவ்வளவு பெரியது என்பது அங்கேயே வாழ்பவருக்குத் தெரிவதில்லை.

மனிதர்கள் மட்டுமா தங்களை மாற்றிக்கொள்கிறார்கள்? நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு சிட்டுக்குருவி அளவுள்ள பறவைகளை ஆராய்ந்தார்கள். பட்டாணிக்குருவி இனத்தைச் சேர்ந்தவை அவை. இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பறவைகள், அமைதியான இடங்களில் வாழும் அதே இனப் பறவைகளைவிட உயர்ந்த சுருதியில் பாடின. வாகன இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால், அதில் மூழ்கிப்போகாமல் தம் பாட்டைக் காப்பாற்ற அவை கண்ட வழி அது. 2003இல் இந்த ஆய்வு வெளியானது. சாப்பாட்டுக் கடையில் உங்கள் குரல் உங்களை அறியாமலே உயர்கிறதே, அதுவும் இந்த வகைதான். அதை நூறு ஆண்டுக்கு முன்பே விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டின் பெயரால் அது ‘லொம்பார்டு விளைவு’ எனப்படுகிறது.

ஏன் யாரும் சிரிப்பதில்லை?

“இங்கே யாருமே சிரிப்பதில்லை, சிக்கு. என்னைப் பிடிக்கவில்லைபோல” என்று அவள் சொன்னபோது எனக்கு மின்தூக்கி நினைவு வந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970இல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். நகரத்தில் ஒருவர் ஒரு நாளில் சந்திக்கும் முகங்கள் ஆயிரக்கணக்கில். எல்லாரையும் கவனித்தால் வேறு வேலையே நடக்காது. அதனால் மூளை கவனத்தைப் பங்கிட்டுச் செலவழிக்கிறது. முக்கியமில்லாதவற்றை ஒதுக்குகிறது. ஒவ்வொருவருக்கும் தரும் நேரத்தைக் குறைக்கிறது. நகரத்தார் முகம் கொடுக்காமல் போவது பெரும்பாலும் வெறுப்பினால் இல்லை, கவனத்தைச் சேமிப்பதால்தான்.

நடையும் இப்படித்தான். 2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உலகின் 32 நகரங்களில் நடந்துபோவோரின் வேகத்தை, அவர்களுக்குத் தெரியாமல் அளந்தார்கள். முதலிடம் எந்த நகரத்துக்குத் தெரியுமா? சிங்கப்பூருக்கு! 18 மீட்டரைச் சற்றுத் தாண்டும் தூரத்தை அங்குள்ளவர்கள் சராசரியாக 10.55 நொடியில் கடந்தார்கள். ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். தீவிலிருந்து வருபவர் மெதுவானவர் இல்லை. சுற்றியிருப்பவர்கள் வேகமானவர்கள்.

வரலாற்றில் இருவகைத் தீவுவாசிகள்

தீவிலிருந்து திரும்பியவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கிர்க். தன் கப்பல் ஓட்டையானது, அதில் போனால் மூழ்கிவிடுவோம் என்று தலைவரோடு சண்டை போட்டார். 1704இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்கு மேற்கே இருந்த ஆளில்லாத் தீவு ஒன்றில் இறங்கிக்கொண்டார். (அந்தக் கப்பல் பிறகு உண்மையிலேயே மூழ்கியது!) நான்கு ஆண்டும் நான்கு மாதமும் தனியாக வாழ்ந்தார். 1709இல் அவரை மீட்ட கப்பலின் தலைவர் வுட்ஸ் ரோஜர்ஸ், தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார்.

பேச ஆளில்லாததால் செல்கிர்க்கின் பேச்சு பாதிப் பாதியாக வந்தது. வெறுங்காலோடு ஓடிப் பழகியிருந்ததால், காலணி போட்டவுடன் பாதம் வீங்கியது. கப்பல் உணவு அவர் வாய்க்குப் பிடிக்கச் சில காலம் ஆனது. மொழி, தோல், சுவை மூன்றும் தீவுக்கு ஏற்ப மாறியிருந்தன. இவை ஒவ்வொன்றும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் மனம் அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. லண்டனில் அவரைச் சந்தித்த எழுத்தாளர் ரிச்சர்டு ஸ்டீல், தீவில் இருந்த மன அமைதி திரும்பக் கிடைக்கவில்லை என்று செல்கிர்க் வருந்தியதாக 1713இல் எழுதினார். 1719இல் வெளிவந்த ராபின்சன் குரூசோ கதைக்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் இவரும் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இரண்டாவது கதை, தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் டிரிஸ்டன் ட குன்யா தீவு மக்களுடையது. உலகிலேயே மிகத் தொலைவில் தனித்திருக்கும் குடியிருப்புகளில் அது ஒன்று. 1961 அக்டோபரில் அங்கு எரிமலை வெடித்தது. தீவு மக்கள் 264 பேரும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, சவுத்தாம்ப்டன் அருகே தங்க வைக்கப்பட்டார்கள். மின்சாரம், தொலைக்காட்சி, கடைகள், வேலை எல்லாம் கிடைத்தன. கூடவே சளி, இருமல், சுவாச நோய்களும் வந்தன.

காரணம் எளிது. நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம், ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவணுக்கள் மூலம் நினைவில் வைத்துக்கொள்கிறது. நகரத்தில் வாழ்பவர் சிறுவயதிலிருந்தே நூற்றுக்கணக்கான சளிக் கிருமிகளைச் சந்தித்துவிடுகிறார். ஆண்டுக்குச் சில கப்பல்களே வரும் தீவில் வாழ்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கு வெளிக் கப்பல் வந்துபோனாலே ஊரெல்லாம் சளி பரவுவதுண்டு. விடுதிக்குப் போன முதல் மாதத்தில் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தும்முவதும் ஓரளவு இதே கதைதான்.

டிரிஸ்டன் மக்கள் பிறகு என்ன செய்தார்கள்? திரும்பிப் போகலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். போகலாம் என்று 148 பேர், வேண்டாம் என்று 5 பேர். 1963இல் பெரும்பாலோர் தீவுக்கே திரும்பினார்கள். பழகுவது வேறு, விரும்புவது வேறு என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

பழகாதவை மூன்று

இதுவரை பார்த்தவை பழகக்கூடியவை. நம் உடலில் பழகாத பகுதிகளும் உண்டு. ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று நாம் நிம்மதி அடையும்போது அவை சத்தமில்லாமல் அடி வாங்குகின்றன.

முதலாவது, காது. ஒவ்வொரு காதின் உட்பகுதியிலும் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி அலையை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. அதிக இரைச்சல் தொடர்ந்தால் இவை சாகின்றன. கோழிக்கு மயிரணு செத்தால் மீண்டும் முளைக்கும். நமக்கு முளைக்காது. இரைச்சல் தொந்தரவாகத் தெரியவில்லை என்பதால் மயிரணு தப்பித்துவிட்டது என்று பொருளில்லை. ரயிலில் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்கக் காதொலிப்பானின் சத்தத்தைக் கூட்டுகிறீர்களே, அங்கே கவனம் வேண்டும். பிள்ளைகள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சத்தம் கூடக் கூட அந்த நேரமும் குறைய வேண்டும்.

இரண்டாவது, தூங்கும் இதயம். தூங்குபவர்களின் மூளை அலைகளையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். சாலை இரைச்சலில் சில இரவுகள் தூங்கிய பிறகு, விழித்தெழுவது குறைந்துவிடுகிறது. ஆனால் வாகனம் கடக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுப்பது அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆள் தூங்குகிறார், இதயம் காவல் காக்கிறது! அதனால்தான், இரவில் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் பரிந்துரைத்தது.

மூன்றாவது, உடற்கடிகாரம். இருட்டியதும் மூளையில் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரந்து, ‘இரவு வந்துவிட்டது’ என்று உடலுக்கு அறிவிக்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் அது குறைகிறது. தெருவிளக்கானாலும் கைப்பேசித் திரையானாலும் கடிகாரம் அதைப் பகல் பக்கமே சேர்க்கும். மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் பாங்கிக் கடற்கரையில் நாங்கள் பால்வீதியைப் பார்ப்போம். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் தேவை. 2016இல் வெளியான உலக இரவுவான வரைபடத்தின்படி, உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரால் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. சிங்கப்பூரின் வானமோ, கண் முழுமையாக இருட்டுக்குப் பழகவே முடியாத அளவு வெளிச்சமானது என்று அதே ஆய்வு சொல்கிறது.

அவளுக்கு நான் சொன்னது

அன்றிரவு இவ்வளவையும் நான் போனில் சொல்லவில்லை. “நீ மக்காகவில்லை. உன் மூளை கூடுதல் நேரம் வேலை செய்கிறது. மூன்று வாரம் கொடு. அதுவரை எந்த முடிவும் எடுக்காதே” என்றேன். சில வேலைகளும் கொடுத்தேன்.

இரவில் சன்னலை மூடி, கனத்த துணியைத் திரையாகத் தொங்கவிடச் சொன்னேன். கைப்பேசிச் செயலியால் அவளே அளந்தாள். சன்னல் திறந்திருந்தபோது 68 டெசிபல், மூடியபோது 52. செயலி துல்லியமானதில்லை, ஆனாலும் 16 டெசிபல் குறைந்தால் ஒலிச்செறிவு ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காகிவிடும். காலையில் பதினைந்து நிமிடம் வெயிலில் நிற்கச் சொன்னேன். உடற்கடிகாரத்தைச் சரிசெய்யக் காலை வெளிச்சம்தான் நல்ல சாவி. முதல் வாரம் ஒரே வழியில் போகவும், ஒரே இருக்கையில் உட்காரவும் சொன்னேன். தெரிந்தவை கூடினால் மூளைக்குச் சுமை குறையும். சாலையைக் கூட்டம் குறைந்த நேரத்தில், தோழியோடு சேர்ந்து, பச்சை விளக்கு உள்ள இடத்தில் மட்டும் பலமுறை கடந்து பழகச் சொன்னேன். பயந்த நரம்பணுவுக்குப் பாதுகாப்பான தொடுதல்கள்தான் மருந்து.

ஒரு குறிப்பேடும் வைக்கச் சொன்னேன். தினமும் எத்தனை முறை விழித்தாள் என்று எழுத வேண்டும். நான்காம் இரவு ஒன்பது முறை. பத்தாம் இரவு நான்கு. பன்னிரண்டாம் நாள் விடுதியில் தீயெச்சரிக்கை மணி அடித்து எல்லாரும் கீழே ஓடினார்கள். அன்றிரவு மீண்டும் ஏழு. “எல்லாம் வீணாயிற்று, சிக்கு” என்று அழுதாள். “இல்லை. அது கடல் முயலின் வால். இரண்டு நாள் பார்” என்றேன். பதினான்காம் இரவு மூன்று. இருபத்தொன்றாம் இரவு ஒன்று. அந்தக் கோட்டுப்படத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். நான் திருத்திய எந்த விடைத்தாளையும்விட அது எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது.

மூன்று வாரம் எல்லாருக்கும் பொதுவான விதி இல்லை. சிலருக்கு நாள் கூடும். பல வாரம் ஆகியும் தூக்கமில்லாமல், பசியில்லாமல், அழுகை நிற்காமல் இருந்தால் பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். அதை ‘பழகிவிடும்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

அவள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடந்த விடுமுறையில் பாங்கிக்குப் போயிருந்தபோது ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். “சிக்கு, என் வீட்டிலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. ரொம்ப அமைதியாக இருக்கிறது. ஒரு பல்லி சத்தம் போட்டாலும் எழுந்துவிடுகிறேன்.”

“எத்தனை நாள்?” என்று கேட்டேன்.

“இரண்டு இரவுதான். குறித்து வைத்திருக்கிறேன்” என்று பதில் வந்தது.

செய்து பாருங்கள்

1. மூன்று கிண்ணங்கள் எடுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் சாதாரண நீர். இடது கையைக் குளிர்ந்த நீரிலும் வலது கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் நடுக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரே நீர் இரண்டு கைக்கும் ஒரே மாதிரி தெரிகிறதா? தீவிலிருந்து வந்தவருக்கும் நகரத்தில் பிறந்தவருக்கும் ஒரே சாலை எப்படித் தோன்றும் என்பதற்கு விடை உங்கள் கைகளில் இருக்கும்.

2. ஒலியளவுச் செயலி ஒன்றைப் பயன்படுத்தி உங்கள் படுக்கையறை, வகுப்பறை, பள்ளிச் சிற்றுண்டிச் சாலை, ரயில் நிலையம் ஆகியவற்றை அளந்து அட்டவணை எழுதுங்கள். மிக அமைதியான இடத்துக்கும் மிக இரைச்சலான இடத்துக்கும் ஒலிச்செறிவில் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று கணக்கிடுங்கள்.

3. உங்கள் வகுப்பில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர் யாராவது இருந்தால், முதல் வாரம் அவருக்கு எந்த ஒலி, எந்த வாசனை, எந்தப் பழக்கம் வித்தியாசமாக இருந்தது என்று கேளுங்கள். உங்களுக்கு எப்போதோ பழகிப்போய், இப்போது கேட்காமலே போன ஓர் ஒலியை அவர் சொல்லக்கூடும்.